பம்பை மாற்றும் முன்: கையால் அடித்த பெட்ரோல் டேங்கில் கோளாறு பிடிப்பது எப்படி?

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ரோட்டோரம் ஒரு பழைய மாருதி ஜிப்சி நின்றால், அதன் பானெட்தான் திறந்திருக்கும். பழுது பெரும்பாலும் பின்னால் டேங்கில் இருக்கும். எங்கள் கடற்கரையில் தகட்டு டேங்க் நெடுநாள் தாங்குவதில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் மணலும் வண்டியின் அடியில் அப்பிக்கொள்ளும். டேங்கைத் தாங்கும் பட்டை, அதாவது ஸ்ட்ராப், பிடித்திருக்கும் இடத்தில் முதல் ஓட்டை விழும். கம்பெனி டேங்க் கிடைக்காத வண்டி என்றால் ஒன்றை நாமே அடித்து மாட்ட வேண்டியதுதான். படகுக்கு டீசல் டேங்க் செய்து பழகிய கைகள் இந்தப் பக்கம் உண்டு. தகடு வளைக்கவும் ஆர்கான் வெல்டிங் வைக்கவும் ஆளுக்குப் பஞ்சமில்லை.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. படகு டேங்க் ஒழுகாமல் இருந்தால் போதும். கார்புரேட்டர் வண்டிக்கும் ஏறக்குறைய அது போதும். கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணம் ஒன்று கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து வைத்திருக்கிறது. டேங்கிலிருந்து இரண்டு விநாடி வரத்து நின்றாலும் எஞ்சினுக்குத் தெரியாது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்தக் கிண்ணம் கிடையாது. பம்பு ஒரு வாய் காற்றைக் குடித்தாலும் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) பிரஷர் விழும், எஞ்சின் அப்போதே திணறும்.

நான் என் ஜிப்சிக்கு முதல் டேங்க் அடித்தபோது இது தெரியாது. பழைய டேங்க் 40 லிட்டர், புதியது 45 லிட்டர் கொள்ளட்டும் என்று ஆசைப்பட்டு அடித்தேன். திணறல் வந்ததும் பம்பை மாற்றினேன். மறுபடி வந்ததும் இன்னொரு பம்பு. கழற்றிப் போட்ட பம்பு இரண்டும் இன்றும் நன்றாக ஓடுகின்றன. ஆகவே கீழே சொல்லும் எல்லா அறிகுறிக்கும் ஒரே ஒழுங்கு: பம்பு கடைசி. அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கையில் இருக்க வேண்டியவை

பெட்ரோல் பிரஷர் கேஜ், மல்டிமீட்டர், உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி ஒரு ட்யூப், பக்கத்தில் தீயணைப்பான். உங்கள் வண்டிக்கு எத்தனை பார் என்பதை சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய், அதாவது ரிட்டர்ன் லைன், உள்ள வண்டிகளில் பொதுவாக 3 பார் அளவில் இருக்கும். ரிட்டர்ன் இல்லாதவற்றில் 3.5 முதல் 4 பார் வரை. பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு வேக்குவம் ஹோஸ் போகிற வண்டி ஐடிலில் அரை பார் குறைத்துக் காட்டும், ஹோஸை உருவினால் ஏறும். அது பழுது கிடையாது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

எந்த ஹோஸைக் கழற்றுவதானாலும் முதலில் பம்பு ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்னொன்று: ஒருமுறை பெட்ரோல் பார்த்த டேங்கை வெல்டிங் பட்டறைக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் பற்றும். காலியான டேங்கில் ஆவி அந்த அளவுக்கு வந்து நிற்பது மிகச் சுலபம். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. ‘சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவியாச்சுண்ணே’ என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்து நில்லுங்கள். தகட்டு மடிப்புக்குள் ஊறிய பெட்ரோல் சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். ஒழுகுகிற பழைய டேங்கை நான் ஒட்டுவதில்லை, புதிதாக அடித்துவிடுவேன்.

வளைவில், பிரேக்கில் திணறுகிறது. நேர் ரோட்டில் ஒன்றுமில்லை

கையால் அடித்த டேங்கில் அதிகம் வரும் புகார் இதுதான். சோதனைக்குக் கருவி கூட வேண்டாம். கால் டேங்க் பெட்ரோலில் ஆளில்லாத இடத்தில் ஒரே பக்கமாக வட்டமடித்துப் பாருங்கள். அப்புறம் டேங்கை நிரப்பி அதே வட்டம். நிரப்பியதும் திணறல் போய்விட்டால் பம்பு குற்றமற்றது.

எந்தப் பக்கம் திரும்பும்போது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரவுண்டானாவைச் சுற்றும்போது வண்டி வலப்பக்கம் திரும்புகிறது, பெட்ரோல் இடப்பக்கம் ஓடும். அப்போது மட்டும் திணறினால் பம்பு உறிஞ்சும் வாய் டேங்கின் வலது மூலையில் இருக்கிறது என்று அர்த்தம். பிரேக்கில் திணறினால் வாய் பின்னால். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் ஏற்றத்திலும் திணறினால் வாய் முன்னால்.

இது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. என் டேங்க் 70 செ.மீ. அகலம், 36 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம், மொத்தம் 50 லிட்டர், மேலே பத்து சதவீதம் காற்றுக்கு விட்டால் 45. சாதாரண வேகத்தில் ஒரு வளைவு எடுத்தாலே புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு பக்கவாட்டு விசை வரும். அப்போது பெட்ரோலின் மேல்மட்டம் 17 டிகிரி சாய்கிறது. 70 செ.மீ. அகலத்தில் அந்தச் சாய்வு என்றால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 21 செ.மீ. வித்தியாசம். டேங்கின் உயரமே 20 தான்! கால் டேங்கில் ஆழம் 5 செ.மீ. இருக்கும்போது ஒரு பக்கம் மொட்டைத் தரையாகிவிடும். வாலிநோக்கத்துக் கடலை ஒரு தட்டில் ஊற்றிக்கொண்டு வண்டி ஓட்டுகிற மாதிரி.

தடுப்புத் தகடு வைத்தால் இந்த ஓட்டம் தாமதமாகுமே தவிர நிற்காது. 20 முதல் 25 செ.மீ. இடைவெளியில் ஒரு தடுப்பு, அடியில் மூலைகளில் அரைவட்ட வெட்டு, மேலே காற்றுக்கு ஒரு வெட்டு. நடுவில் பெரிய பெரிய ஓட்டையாகப் போட்டால் தடுப்பு வைத்தும் வைக்காத கதைதான். நீளமான வளைவில் தடுப்பு மட்டும் போதாது. உறிஞ்சும் வாயைச் சுற்றி ஒரு கிண்ணம் வேண்டும். ஸ்விர்ல் பாட் என்பார்கள், நான் கிண்ணம் என்றே எழுதுகிறேன். 12 செ.மீ. சதுரம், 15 செ.மீ. உயரம், மேலே திறந்தது. அடியில் உள்பக்கமாக மட்டும் திறக்கும் சின்னக் கதவு. இரண்டு லிட்டர் பிடிக்கும்.

நான் கோட்டை விட்டது கிண்ணத்தில் இல்லை, ரிட்டர்ன் பைப்பில். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ரிட்டர்னை டேங்கின் எதிர் மூலையில் விட்டிருந்தேன். 80 குதிரைத்திறன் எஞ்சின் முழு ஆக்ஸிலரேட்டரில் விநாடிக்கு 7 மில்லி அளவுக்குத்தான் எரிக்கும். ஆனால் மணிக்கு 90 லிட்டர் தள்ளும் பம்பு கிண்ணத்திலிருந்து விநாடிக்கு 25 மில்லி எடுக்கிறது. மிச்சம் 18 மில்லி ரிட்டர்னில் திரும்புகிறது. அது கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தால் இரண்டு லிட்டர் நான்கரை நிமிடத்துக்கு மேல் வரும். வெளியே விழுந்தால் 80 விநாடியில் கிண்ணம் காலி. ஒரு பைப்பின் வாயைத் திருப்பியதில் என் வண்டி சரியானது. அதற்குத்தான் இரண்டு பம்பு.

ரிட்டர்ன் பைப் பெட்ரோலுக்குள் முங்கி, கிண்ணத்தின் சுவரைப் பார்த்தபடி முடியட்டும். மேலேயிருந்து அருவியாக விழுந்தால் நுரை கட்டும், அந்த நுரையைப் பம்பு குடிக்கும். அப்போது திணறல் வளைவில் மட்டும் என்றில்லாமல் எப்போது வேண்டுமானாலும் வரும். தெளிந்த ட்யூபை ரிட்டர்ன் லைனில் தற்காலிகமாக மாட்டி, நின்ற வண்டியில், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு பார்த்தால் குமிழி தெரியும். பார்த்ததும் கழற்றிவிடுங்கள். அது ஓட்டுவதற்கான ட்யூப் கிடையாது.

நிரம்பிய டேங்கிலும் அதே வளைவில் திணறுகிறதா? அப்போது பிரஷர் கேஜை நீள ஹோஸோடு கண்ணாடிக்கு வெளியே வைப்பரில் கட்டி ஓட்டுங்கள். கேஜைக் கேபினுக்குள் கொண்டுவரவே கூடாது. பிரஷர் ஆடாமல் எஞ்சின் மட்டும் திணறினால் டேங்கை விட்டுவிட்டு வயரிங், இக்னிஷன் பக்கம் போங்கள்.

அரை மணி ஓடியதும் மூச்சு முட்டுகிறது. நிறுத்தி ஆறவிட்டால் ஓடுகிறது

இரண்டு காரணம், இரண்டும் ஒரே மாதிரி நடிக்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழிதான்: திணறி நின்ற அந்த நிமிடமே டேங்க் மூடியைத் திறப்பது. ‘உஸ்’ என்று வெளிக்காற்றை உள்ளே இழுத்தால் வென்ட் (டேங்குக்குக் காற்று வந்து போகும் வழி) அடைப்பு. இழுக்காவிட்டால் சூடு.

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) வண்டியைக் கொண்டுவந்தார்.

“மூணு பம்பு மாத்தியாச்சு தம்பி. நாலாவது வாங்கவா, வேணாமா?”

“வேணாம் காக்கா. மூடியைக் கொஞ்சம் தளர்த்திக்கிட்டு உத்தரகோசமங்கை வரைக்கும் போயிட்டு வாங்க. டேங்க் பாதிக்கு மேல இருக்க வேணாம்.”

போய் வந்தார், ஒரு திணறல் இல்லை. வென்ட் ட்யூபின் நுனியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. வெளியே ஈர மணலும் உப்பும் சேர்ந்து கல்லாகியிருந்தது. மூன்று பம்பின் காசு ஒரு குளவிக்குப் போனது.

எஞ்சின் எத்தனை லிட்டர் குடிக்கிறதோ அத்தனை லிட்டர் காற்று டேங்குக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம். 0.03 பார் என்பது சின்ன எண். ஆனால் 70-க்கு 36 செ.மீ. தகட்டின் மேல் அது 75 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. ஓடும்போது பின்னால் ‘டொங்’ என்று தகடு உள்வாங்கும் சத்தம் கேட்டிருந்தால் அது இதுதான். பம்புக்கும் உறிஞ்சுவது கஷ்டமாகும். கம்பெனி மூடிகள் சிலவற்றில் காற்று உள்ளே வர வால்வு உண்டு, சிலவற்றில் இல்லை. கடையில் கிடைத்த மூடியைப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வென்ட் லைன் டேங்கின் உச்சியிலிருந்து தொடங்கி, டேங்கைவிட உயரமாக ஒரு வளையம் போட்டுத் திரும்ப வேண்டும். தொடக்கத்தில் ஒரு ரோல்ஓவர் வால்வு: வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் வெளியே கொட்டாது. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கார்பன் கேனிஸ்டர் இருந்த வண்டி என்றால் அதற்கே இணைத்துவிடுங்கள், தூக்கி எறியாதீர்கள். வெளியே விடுவதானால் நுனி கீழ்நோக்கி, சன்ன வலையோடு, சக்கரம் வாரியடிக்கும் மணல் படாத இடத்தில் இருக்கட்டும்.

‘உஸ்’ வரவில்லையா? டேங்கைத் தொட்டுப் பாருங்கள். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு என்பதால் அதற்கும் முன்பே குமிழி விடும். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் தார் ரோட்டின் மேல் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமே இல்லை. ரிட்டர்ன் லைன் எஞ்சினைச் சுற்றி வந்த சூட்டை டேங்குக்குக் கொண்டுவருகிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அதனால் மதியம், கால் டேங்கில், மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது திணறினால் சூட்டின் மேல் சந்தேகப்படலாம்.

பம்பை வெளியே மாட்டியிருந்தால் அது டேங்கின் அடியைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்‌ஷன் பம்பு தள்ளுவதில் பலசாலி, உறிஞ்சுவதில் நோஞ்சான். பெட்ரோல் தானாக வந்து அதன் வாயில் விழ வேண்டும். உறிஞ்சும் ஹோஸ் 10, 12 மி.மீ. துளையோடு குட்டையாக இருக்கட்டும். சைலன்சர் பைப் ஒரு சாணுக்குள் வந்தால் நடுவில் ஒரு தகட்டு மறைப்பு போடுங்கள். முடிந்தால் பம்பை டேங்குக்குள்ளேயே வைப்பதுதான் என் கட்சி. பெட்ரோலில் முங்கியிருக்கும் பம்பு குளிர்ச்சியாகவும் இருக்கும், சத்தமும் போடாது.

காலையில் செல்ஃப் நெடுநேரம் அடிக்க வேண்டியிருக்கிறது

சாவியை ஆன் செய்து, பம்பு இரண்டு விநாடி ஓடி நின்றதும் ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று முறை. அப்புறம் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனால் இரவில் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று தெரியும். கேஜை மாட்டி, பம்பு நின்றதும் ரெயிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் மெல்ல நெரியுங்கள். முள் அப்படியே நின்றால் கசிவு டேங்க் பக்கம். விழுந்தால் ரிட்டர்னை நெரியுங்கள். இப்போது நின்றால் ரெகுலேட்டர். இரண்டுக்கும் மசியாமல் விழுந்துகொண்டே இருந்தால் இன்ஜெக்டர் சொட்டுகிறது.

டேங்க் பக்கம் என்று வந்தால் எல்லோரும் பெட்ரோல் திரும்பி இறங்காமல் தடுக்கும் பம்பின் செக் வால்வைத்தான் சொல்வார்கள். நான் முதலில் உள்ளே முங்கியிருக்கும் ஹோஸைப் பார்ப்பேன். பம்பிலிருந்து மேல் தட்டுக்குப் போகும் அந்தச் சாண் நீளத் துண்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜே30 ஆர்7 என்று அச்சிட்ட ஹோஸ் கார்புரேட்டருக்கு. ஆர்9 இன்ஜெக்‌ஷன் பிரஷரைத் தாங்கும், ஆனால் அதன் உள்சுவர்தான் பெட்ரோலுக்கு, வெளித்தோல் முங்கிக் கிடப்பதற்குச் செய்ததில்லை. டேங்குக்குள் ஆர்10 போட வேண்டும். தவறான ஹோஸ் சில மாதத்தில் ஊதி, கொழகொழவென்று ஆகி வெடிக்கும். பம்பு பெட்ரோலை டேங்குக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டிருக்கும். வெளியே நின்று கேட்டால் பம்பு சத்தம் நன்றாகத்தான் இருக்கும், பிரஷர் மட்டும் இருக்காது. பழியோ பம்பின் மேல்.

வேகமெடுக்கும்போது இழுவை இல்லை, பம்பு கத்துகிறது

கத்துகிற பம்பு பெரும்பாலும் தாகத்தில் கத்துகிறது. பம்புக்கு முன்னால் சன்னமான ஃபில்டர் போட்டிருக்கிறீர்களா? கழற்றுங்கள். முன்னால் 100 மைக்ரான் அளவிலான வலை போதும். 10 மைக்ரான் ஃபில்டர் பம்புக்குப் பின்னால்.

சத்தம் இல்லாமல் இழுவை மட்டும் இல்லை என்றால் வோல்டேஜ். எஞ்சின் ஓடும்போது பேட்டரியிலும், பம்பின் இரு முனையிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. பேட்டரியில் 13.8 இருந்து பம்பில் 11.4 இருந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். கனெக்டர் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புக்காற்று செம்பைச் சும்மா விடாது. ரிலேயைப் பேட்டரியிலிருந்து நேராகப் போட்டு 2.5 சதுர மி.மீ. வயர் இழுங்கள், எர்த் போல்ட்டின் அடியில் பெயிண்டைச் சுரண்டுங்கள். ஆனால் ரிலேயை இயக்கும் வயர் பழையபடி எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்தே வர வேண்டும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்பது விபத்தில் உயிரைக் காக்கும் ஏற்பாடு. நேராக சாவியில் இணைத்துக் கொடுக்கிற எலக்ட்ரீஷியனிடம் இதில் மட்டும் சண்டை போடுங்கள்.

பெட்ரோல் வாசனை

நிரப்பிய அன்று மட்டும் என்றால் மேலே காற்றுக்கு இடம் விடவில்லை. பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 45 லிட்டர், வெயிலில் நின்று 20 டிகிரி ஏறினால் 900 மில்லி அதிகமாகிறது. அது வென்ட் வழியாகத்தான் போகும். நிரப்பும் கழுத்துக் குழாயை டேங்கின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை உள்ளே இறக்கிவிட்டால் மேலே அந்த இடம் தானாக மிஞ்சும்.

எப்போதும் வாசனை என்றால் பம்புத் தட்டின் கேஸ்கட்டையும், அதைவிட முக்கியமாகப் போல்ட்டுகளையும் பாருங்கள். தகட்டைத் துளைத்துப் போன போல்ட்டின் மரை வழியாகவே பெட்ரோல் ஏறி வரும். உள்பக்கம் மூடிய நட்டை வெல்டு வைப்பது சரியான முறை. சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறி உரிந்து ஃபில்டருக்குப் போகும். நைட்ரைல் ரப்பர் கேஸ்கட் போடுங்கள்.

வெல்டு கசிவை முதல் சொட்டு பெட்ரோல் ஊற்றும் முன்பே பிடித்துவிட வேண்டும். அதற்கு இங்கே பழைய முறை ஒன்று உண்டு. வெல்டின் வெளிப்பக்கம் கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி ஓரிரு மணி நேரம் விட்டால், ஊசித் துளை இருக்கும் இடத்தில் வெள்ளையில் கறை பூக்கும். மூடிய டேங்கைக் காற்றடித்துச் சோதிப்பதானால் கம்ப்ரஸரை நேராக இணைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிய யூ வடிவ ட்யூபைக் கூடவே மாட்டி, வித்தியாசம் ஒன்றரை மீட்டரைத் தாண்டாமல் மெல்ல ஊதுங்கள். அதுவே 0.15 பார், என் டேங்கின் மேல் தகட்டில் ஏறக்குறைய 380 கிலோ. அதிகமானால் ட்யூபிலிருந்து தண்ணீர் பீறிட்டு வெளியேறும், டேங்க் தப்பிக்கும். வெல்டின் மேல் சோப்பு நுரை தடவி உட்கார்ந்து பாருங்கள்.

பங்கில் நாசில் டக்கென்று நின்றுவிடுகிறது. பெட்ரோல் அளவு முள் பொய் சொல்கிறது

இரண்டும் சில்லறைக் கோளாறு. பெட்ரோல் உள்ளே போகும்போது காற்று வெளியே வர கழுத்துக் குழாயோடு இன்னொரு சின்ன ட்யூப் வேண்டும். கழுத்தும் இடையில் தொய்வில்லாமல் இறங்கிக்கொண்டே போக வேண்டும்.

முள் ஆடவே இல்லை என்றால் எர்த். ரப்பர் மேல் உட்கார்ந்த டேங்குக்குத் தனியாக ஒரு எர்த் வயர் பாடிக்குப் போட்டே ஆக வேண்டும். பெட்ரோல் நிரப்பும்போது சேரும் நிலைமின்சாரத்துக்கும் அதுதான் வழி. பாதியில் நின்றுவிடும் முள் என்றால் மிதவை தடுப்புத் தகட்டில் இடிக்கிறது.

ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது

ஃபில்டரை அறுத்து வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்புத் தூள் என்றால் இரும்புத் தகட்டின் துரு. வெள்ளைப் பொடி என்றால் ஜிங்க் தகட்டில் டேங்க் அடித்திருக்கிறார்கள், அல்லது அலுமினியம் அரிக்கிறது. ஜிங்க் தகடு மழைத்தண்ணீர் டிரம்முக்கு நல்லது, பெட்ரோலுக்கு ஆகாது. ரப்பர் மாதிரி பிசுபிசுப்பு என்றால் மேலே சொன்ன ஹோஸ் அல்லது பேஸ்ட்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியிலிருந்து பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில், பாதி காலியான டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். பம்பு முதலில் குடிப்பது அதைத்தான். டேங்கின் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் பிளக் வைத்திருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கலாம். இரண்டு அடுக்காக நின்றால் மொத்தத்தையும் வடித்துவிடுங்கள்.

ஸ்ட்ராப் அருகே விரிசல், துரு, ஈரம்

12 கிலோ டேங்க், 33 கிலோ பெட்ரோல். பள்ளத்தில் விழுந்து எழும்போது இது மூன்று மடங்காகி 135 கிலோவாக இழுக்கும். டேங்கில் காது வெல்டு வைத்து சேஸிஸில் நேராகப் போல்ட் போட்டால் சேஸிஸ் முறுக்கும்போதெல்லாம் அந்தக் காதும் முறுகும். வெல்டின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் இதுதான் காரணம். மறுபடி வெல்டு வைத்தால் மறுபடி விரியும். காதுகளை விட்டுவிட்டு, 40 மி.மீ. அகலத்தில் இரண்டு ஸ்ட்ராப், இரண்டும் தடுப்புத் தகட்டின் கோட்டுக்கு நேராகப் போங்கள். அங்கே தகடு வளையாது.

ஸ்ட்ராப்புக்கு அடியில் என்ன வைக்கிறீர்கள் என்பதில்தான் கடற்கரை வண்டிக்கும் மதுரை வண்டிக்கும் வித்தியாசம். ஸ்பாஞ்ச், கார்பெட், கயிறு எல்லாம் உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ‘எவர்சில்வர் துருப்பிடிக்காது’ என்று நம்பி 304 ரகத் தகட்டில் அடித்த டேங்க், அந்த ஈர இடுக்கில் ஊசிக் குத்தாக ஓட்டை விழும். 316 நன்றாகத் தாங்கும். அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. எதுவானாலும் வெல்டு ஓரத்து நீல நிறத்தை பிக்ளிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு எடுத்துவிடுங்கள், இரும்பு பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். பிரஷ்ஷின் இரும்புத் தூளே துருவுக்கு விதை. அலுமினியம் என்றால் 5052 தகடு, 3 மி.மீ.; இரும்பு ஸ்ட்ராப் நேராகத் தொடவே கூடாது, உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் கரையும். எல்லாவற்றுக்கும் இடையில் தண்ணீர் உறிஞ்சாத கெட்டி நியோப்ரீன் ரப்பர் போடுங்கள்.

இடம்: சேஸிஸ் கட்டைகளுக்கு நடுவே, பின் பம்பரிலிருந்து தள்ளி. கேபினுக்குள் வேண்டாம். வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுக்குள் வரும். பழைய அளவிலேயே, பழைய இடத்திலேயே இருக்கும்படி அடிப்பது நல்லது. கூட ஐந்து லிட்டர் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அடிக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மாட்டியபின் ரப்பர் அமுங்கும். 500 கி.மீ. ஓடியதும் ஸ்ட்ராப் நட்டை ஒருமுறை முடுக்குங்கள். தனுஷ்கோடி போய் வந்த நாளில் டேங்கின் மேல் தட்டையும் ஸ்ட்ராப் இடுக்கையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அடிப்பக்கத்தை எல்லோரும் கழுவுகிறார்கள், மேல் தட்டில் தேங்கும் மணலை யாரும் பார்ப்பதில்லை. அப்படியே வென்ட் நுனியில் குளவி வந்து உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.